தன் வயலோடு ஒரு பீர் ஆலை

நெசவாளரும் பயிரிடுவோரும் படிக்கும் இவ்விதழில் பீர் ஆலையைப் பற்றி எழுதுமுன் அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். குடியைப் புகழ்வது நம் நோக்கமன்று. சங்கக் கணக்குகளைப் பார்வையிடுவதையே உத்தியோகமாகக் கொண்ட நமக்கு, எந்த ஆலையைக் கண்டாலும் மூன்று கேள்விகளே முதலில் எழுகின்றன. மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது? கழிவு எங்கே போகிறது? இவ்விரண்டுக்கும் நடுவே விளைவித்தவனுக்கு என்ன மிஞ்சுகிறது? இக்கேள்விகளுக்கு ஒளிவுமறைவின்றி விடை கூறும் தொழிலாக அயல்நாட்டுப் பீர் ஆலைகள் இரண்டு நமக்குத் தென்பட்டன. ஒன்று அமெரிக்காவில் உள்ளது, மற்றொன்று ஜெர்மனியில்.

பீருக்கு வேண்டிய சரக்குகள் நான்கே. முளைகட்டி உலர்த்திய பார்லி, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ, ஈஸ்ட், தண்ணீர். பார்லியின் மாவுச்சத்து வெந்நீரில் ஊறிச் சர்க்கரையாகிறது; அச்சர்க்கரையை ஈஸ்ட் நொதிக்கச் செய்கிறது; ஹாப்ஸ் கசப்பும் மணமும் தந்து, பானம் விரைவில் கெடாமலும் காக்கிறது. நூறு லிட்டர் பீருக்கு முளைப்பார்லி ஏறத்தாழ 17 முதல் 20 கிலோ வரை பிடிக்கும். ஹாப்ஸோ சில நூறு கிராம்தான். அளவில் அற்பமான இந்த ஹாப்ஸே பின்னால் பெரிய வழக்கை உண்டாக்கியது. அதை அதனிடத்தில் சொல்வோம்.

கலிபோர்னியா மாநிலத்தின் வடபகுதியில் சீக்கோ என்னும் ஊர் உளது. அங்கே கென் கிராஸ்மன், பால் கமூசி என்னும் இரு இளைஞர்கள் 1980-ஆம் ஆண்டில் சியெர்ரா நெவாடா என்ற பெயரில் ஒரு சிறு ஆலையைத் தொடங்கினார்கள். புது யந்திரம் வாங்கப் பணம் இல்லை. ஆகவே பால் பண்ணைகளில் கழித்துப்போட்ட தொட்டிகளை வாங்கித் தாமே பற்றவைத்துத் திருத்திக்கொண்டார்கள். இன்று அமெரிக்காவின் பெரிய பீர் ஆலைகளுள் ஒன்றாக அது வளர்ந்துவிட்டது. எனினும், பழைய தொட்டியை வீணாக்காத அந்தப் புத்தி ஆலையை விட்டுப் போகவில்லை என்பதே நம் கணிப்பு.

முதலில் சக்கையைப் பார்ப்போம். சாறு இறக்கிய பின் மிஞ்சும் பார்லிச் சக்கையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வெயில் நாளில் இரண்டு மூன்று தினத்தில் புளித்து நாறிவிடும். தொலைவுக்கு ஏற்றியனுப்பினால் வண்டிச் சத்தமே விலையை விழுங்கிவிடும். ஆகையால் பக்கத்தில் மாடு இல்லாத பீர் ஆலைக்குச் சக்கை ஒரு பாரம். மாடு இருக்கும் ஆலைக்கோ அது வருமானம். சீக்கோவில் அது மாட்டுத் தீவனமாகிறது. அவ்வூர்ப் பல்கலைக்கழகப் பண்ணையின் மாடுகளும் அதைத் தின்று வளர்ந்தவையே. ஆலையின் உணவுசாலைக் கழிவுகளை எருவாக்க 2010-இல் ஒரு பெரிய யந்திரத்தையும் நிறுவினார்கள். அந்த எரு ஆலையின் சொந்த வயலுக்கே திரும்புகிறது.

அடுத்து தண்ணீர். ஒரு லிட்டர் பீர் செய்ய, தொட்டி கழுவுவது உட்பட, நான்கு முதல் ஏழு லிட்டர் வரை தண்ணீர் செலவாவது பீர்த் தொழிலில் சாதாரணம். கழிவாகும் நீரில் சர்க்கரையும் ஈஸ்டும் கரைந்திருக்கும். அது விஷமன்று, ஆனால் அப்படியே ஆற்றில் விட்டால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகி, நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும், மீன் மடியும். சாயநீரின் கொடுமையை நெசவாள அன்பர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சாயநீரிலுள்ள உப்பைப் பிரித்தெடுப்பது பெருஞ்செலவு. பீர் ஆலையின் நீர் அவ்விஷயத்தில் பாக்கியம் செய்தது. காற்றுப் புகாத தொட்டியில் விட்டால் அதிலிருந்தே எரிவாயு கிடைக்கிறது. சீக்கோ ஆலையில் அவ்வாயுவைக் கொதிகலனுக்கு எரிபொருளாகத் திருப்பிவிடுகிறார்கள்.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூரையிலும் வண்டி நிறுத்துமிடத்தின் பந்தலிலும் 10,000-க்கு மேற்பட்ட சூரியத் தகடுகள் உள்ளன. 2005-இல் 1,000 கிலோவாட் தரும் எரிபொருள் கலங்களையும் நிறுவினார்கள். பத்தாண்டுகளுக்குப் பின் அவற்றைக் கழற்றிவிட்டுச் சிறிய வாயுச் சுழலிகளை வைத்தார்கள். புது யந்திரம் வாங்கும் சங்கங்களின் தேய்மானக் கணக்கை நாம் ஏன் இவ்வளவு நோண்டுகிறோம் என்று குறைப்படும் காரியதரிசிகள் இந்தப் பத்தாண்டுக் கணக்கைச் சற்றே கவனிப்பார்களாக.

இனி வயல். ஆலையை ஒட்டி ஒன்பது ஏக்கர் அளவில் ஹாப்ஸ் தோட்டம் போட்டிருக்கிறார்கள், பார்லியும் விதைக்கிறார்கள். ஹாப்ஸ் தோட்டத்தைக் காணாதவர்கள் நம்மூர் வெற்றிலைக் கொடிக்காலை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அகத்திக்குப் பதில் 18 அடி உயரக் கம்பம், அதில் கம்பி, கம்பியிலிருந்து தொங்கும் கயிறு. குளிர்காலத்தில் கொடி பட்டு, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். வசந்தத்தில் துளிர்த்துக் கயிற்றைப் பற்றி ஏறும். ஆகஸ்டு, செப்டம்பரில் பூவைப் பறிப்பார்கள். இத்தோட்டத்தில் இரசாயன உரமோ பூச்சிமருந்தோ இடுவதில்லை. இங்கு விளைந்த பூவையும் பார்லியையும் கொண்டே தனியாக ஒரு பீரையும் செய்து விற்றார்கள்.

இவ்விடத்தில் நாம் காகிதமும் பென்சிலும் எடுத்தோம். அமெரிக்காவில் ஏக்கருக்குச் சராசரியாக 850 கிலோ ஹாப்ஸ் விளைகிறது. ஒன்பது ஏக்கரும் அச்சராசரியை எட்டுவதாகவே கொள்வோம். மொத்தம் 7,650 கிலோ. இவ்வாலையின் உற்பத்தியோ ஆண்டுக்குப் பத்து லட்சம் பீப்பாய் என்னும் அளவை எட்டியது. பீப்பாய்க்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைய என்று மிகக் குறைவாக மதிப்பிட்டாலும் நான்கரை லட்சம் கிலோ வேண்டும். ஆக, சொந்தத் தோட்டம் தருவது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை!

அப்படியானால் வயல் வெறும் அலங்காரமா? அவ்வாறு சொல்ல நமக்கு மனம் வரவில்லை. செல்லும் அசுவினியும் எவ்வளவு பாடுபடுத்தும், மருந்தின்றிப் பயிர் செய்தால் மகசூல் எவ்வளவு குறையும், களையெடுக்க எத்தனை ஆள் வேண்டும் என்பதைத் தன் கையால் அறிந்த ஆலை, விற்க வரும் குடியானவனிடம் பேரம் பேசும்போது வாய் கூசாமல் பொய் சொல்ல முடியாது. ஆனால் மீதி தொண்ணூற்றெட்டுப் பங்கையும் பிறர் வயலிலிருந்தே வாங்கியாக வேண்டும். மெய்யான சோதனை அங்கேதான் இருக்கிறது.

முன்பு சொன்ன வழக்கு இது. அமெரிக்கச் சட்டப்படி ஒரு பண்டத்தை இயற்கை முறைப் பண்டம் என்று அழைக்க, உட்பொருளில் நூற்றுக்கு 95 பங்கு அவ்வாறு விளைந்ததாக இருத்தல் வேண்டும். மீதி ஐந்து பங்கில், சந்தையில் கிடைக்காதவை என்று சர்க்கார் ஒப்புக்கொண்ட சில பொருள்கள் மட்டும் சாதாரண முறையில் விளைந்தவையாக இருக்கலாம். 2007-இல் அப்பட்டியலில் ஹாப்ஸைச் சேர்த்துவிட்டார்கள். எடையில் ஹாப்ஸ் சொற்பமானதால், மருந்தடித்த ஹாப்ஸைப் போட்ட பீரும் இயற்கை முறைப் பீர் என்றே விலைபோயிற்று. ஆலைக்காரர் கேட்டது, "இயற்கை ஹாப்ஸ் எங்கே கிடைக்கிறது?" என்று. பயிரிடுவோர் கேட்டது, "வாங்குவார் யார்?" என்று. கம்பமும் கம்பியும் நட முதல் போட வேண்டும். கொடி முழு மகசூலுக்கு வர மூன்றாண்டு ஆகலாம். வாங்குவாரின்றி எவன் துணிவான்?

தனித்தனியே முறையிட்டிருந்தால் எவரும் செவிசாய்த்திருக்க மாட்டார்கள். பயிரிடுவோர் 2009-இல் ஒரு சங்கமாகச் சேர்ந்து, ஹாப்ஸைப் பட்டியலிலிருந்து நீக்குமாறு சர்க்காருக்கு விண்ணப்பம் போட்டனர். 2010 அக்டோபரில் ஆலோசனைக் குழு அதற்கு இசைந்தது. உடனே அமுல் செய்தால் ஆலைகள் திண்டாடும் என்று இரண்டாண்டுக்கு மேல் தவணையும் கொடுத்தது. 2013 ஜனவரி 1 முதல் இயற்கை முறைப் பீருக்கு இயற்கை முறை ஹாப்ஸே வேண்டும் என்பது விதியாயிற்று. அத்தவணைக் காலம் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கொடி வளரும் காலத்தைச் சட்டம் இயற்றுவோர் அறிந்திருப்பது அபூர்வமன்றோ!

இதை எழுதும்போது நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கம் நினைவுக்கு வருகிறது. ஒரு குறிப்பிட்ட பருத்தி இனத்தைப் பயிரிடுங்கள், இந்த விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று சங்கம் அங்கத்தினர்களுக்கு வாக்களித்திருந்தது. அறுவடைச் சமயத்தில் சந்தையில் விலை சரிந்தது. நிர்வாகம் வெளி வியாபாரியிடம் மலிவாக வாங்கிக்கொண்டது. அவ்வாண்டு லாபக் கணக்கு மிக அழகாக இருந்தது. நாமும் கையொப்பமிட்டு வந்தோம். மறு ஆண்டு அந்த இனத்தை ஒருவரும் விதைக்கவில்லை. பிழை இன்னதென்று கணக்குப் புத்தகத்தில் காட்ட நமக்கு ஒரு பத்திகூட இருக்கவில்லை.

ஜெர்மனியில், பவேரியாவின் நாய்மார்க்ட் நகரத்து லாம்ஸ்ப்ராய் ஆலை இச்சிக்கலை வேறு வழியில் அவிழ்த்தது. 1628-ஆம் ஆண்டு முதலே பத்திரங்களில் பெயர் காணப்படும் பழைய ஆலை அது. அதை நடத்திய பிரான்ஸ் ஏர்ன்ஸ்பெர்கர் என்பார் 1980-களில் இரசாயனமின்றி விளைந்த தானியத்துக்கு மாறத் துணிந்தார். அக்காலத்தில் அவர் கேட்ட பார்லியும் ஹாப்ஸும் போதிய அளவு கிடைக்கவில்லை. சொந்தமாக நிலம் வாங்கிக் குவிக்க அவர் முற்படவில்லை. சுற்றுப்புறக் குடியானவர்கள் 1989-இல் உற்பத்தியாளர் சங்கமாகச் சேர்ந்தார்கள். பல ஆண்டுகளுக்கு நீடிக்கும் ஒப்பந்தத்தின் பேரில் ஆலை அவர்களிடம் வாங்கத் தொடங்கிற்று. பார்லியை முளைகட்டும் வேலையும் ஆலையிலேயே நடப்பதால், உழவனின் களத்துக்கும் பீர்த் தொட்டிக்கும் நடுவே தரகனுக்கு இடமில்லை. ஒரேயடியாக மாறிவிடவில்லை, படிப்படியாக மாறி, 1990-களின் நடுவில்தான் முழுவதும் இயற்கை முறைக்கு வந்தார்கள். சங்கத்தில் இப்போது நூற்றுக்கு மேற்பட்ட பண்ணைகள் உள்ளன. 2001-இல் ஏர்ன்ஸ்பெர்கருக்கு ஜெர்மன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது.

குடியானவனுக்குக் கூடுதல் விலை கொடுப்பது தர்மகாரியம் என்று அங்கே யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. அதன் காரணம் கிணற்றில் இருக்கிறது. ஆலைக்கு நீர் மண்ணுக்கடியிலிருந்து வருகிறது. வயலில் இடும் உரத்தின் நைட்ரேட்டும், தெளிக்கும் மருந்தும் மழையோடு இறங்கி அந்நீரில்தான் சேரும். பக்கத்து வயலின் பயிர்முறையே ஆலையின் நீரைத் தீர்மானிக்கிறது. பின்னாளில் அந்நீரையே இயற்கைத் தாதுநீர் என்று புட்டியில் அடைத்து விற்றபோது, தண்ணீருக்கு அப்பெயர் தகுமா என்று வழக்குத் தொடுத்தார்கள். அவ்வழக்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2012 செப்டம்பரில், அப்பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று ஆலையின் பக்கம் தீர்ப்பாயிற்று.