எடை எங்கே உட்காருகிறது?

முத்தையாபுரத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: “அமெரிக்காவில் 1,000 குதிரைத்திறன் பிக்கப் வண்டிகள் மண் தடத்தில் ஒரு பெரிய பாரத்தை இழுத்துக்கொண்டு ஓடும் வீடியோக்களைப் பார்க்கிறேன். இங்கே மழைக்குப் பிறகு உப்பளத்து மண் ரோட்டில் இறங்கிய 150 குதிரைத்திறன் கார் வயிறு வரை புதைந்துவிட்டது. 50 குதிரைத்திறன் டிராக்டர் வந்துதான் அதை வெளியே எடுத்தது. அப்படியென்றால் குதிரைத்திறன் எதற்கு? அந்த அமெரிக்க வண்டி மாதிரி ஒன்றைக் கட்டினால் நம்மூர்ச் சேற்றில் போகுமா?”

கார் விளம்பரங்கள் என்ஜினைப் பற்றிப் பேசுகிற அளவில் பத்தில் ஒரு பங்கு மண்ணைப் பற்றிப் பேசியிருந்தாலும் இந்தக் கேள்வி எழுந்திருக்காது. இழுவையில் என்ஜினுக்கு இரண்டாம் இடம்தான். எடை எந்த இடத்தில், எதன் மேல் உட்காருகிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

கணக்குப் போட்டுவிடலாம். 50 குதிரைத்திறன் என்பது சுமார் 37 கிலோவாட். டிராக்டர் கீழ்க் கியரில் மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் நகரும்போது அந்தத் திறன் முழுதும் இழுவையானால் நாலரை டன் வரும். கியரிலும் அச்சிலும் கொஞ்சம் வீணானாலும் மூன்றரை டன் நிற்கும். ஆனால் அந்த டிராக்டரின் எடையே ஏறத்தாழ 2 டன்தான். அதில் பின்சக்கரங்கள் சுமப்பது 1.3 டன் போல இருக்கும். ஓரளவு கெட்டியான மண் தரையில், சக்கரத்தின் மேலுள்ள எடையில் பாதிக்குச் சற்று மேல்தான் இழுவையாகக் கிடைக்கும். ஆக 700, 800 கிலோ. என்ஜின் கொடுக்கத் தயாராக இருப்பதில் நாலில் ஒரு பங்கைத்தான் மண் வாங்கிக்கொள்கிறது. அதே டிராக்டரில் 500 குதிரைத்திறன் என்ஜினைத் தூக்கி வைத்தாலும் அந்த 800 கிலோ மாறாது. சக்கரம்தான் சும்மா சுற்றும்.

அப்படியானால் அமெரிக்கர்கள் எதற்காக 1,000 குதிரைத்திறனுக்குப் போகிறார்கள்? அதற்கு அவர்கள் இழுக்கும் அந்தப் பாரத்தை, ‘ஸ்லெட்’ எனப்படும் வண்டியை, பார்க்க வேண்டும். உண்மையில் அந்த மைதானத்தில் மிகுந்த மூளையுடன் கட்டப்பட்ட யந்திரம் அதுதான்.

ஸ்லெட்டின் முன்பாதி தரையில் உராய்ந்து வரும் ஒரு தட்டையான எஃகுத் தகடு. பின்பாதியில் லாரிச் சக்கரங்கள். மேலே சாய்வான தண்டவாளம். அதில் இரும்புக் கட்டிகள் அடுக்கிய பெட்டி. புறப்படும்போது பெட்டி பின்னால், சக்கரங்களுக்கு நேர் மேலே இருக்கும். வண்டி இழுக்க இழுக்க, ஸ்லெட்டின் சக்கரங்கள் சுற்றும் சுற்றே சங்கிலி வழியாகப் பெட்டியை முன்னோக்கி, தகட்டின் மேல், ஏற்றிக்கொண்டு போகும். சக்கரத்தில் உருளும் 10 டன்னை இழுக்க அரை டன் விசை போதும். அதே 10 டன் தகட்டின் மேல் உட்கார்ந்து மண்ணில் தேய்ந்தால் 6 டன் வேண்டும். ஒரு கிலோகூடச் சேர்க்கவில்லை, எடை இடம் மாறியதுதான். போட்டியாளர் முன்னேறும் ஒவ்வொரு அடியும் அவருக்கு எதிராகவே வேலை செய்கிறது. 4 டன் இழுக்கக்கூடிய வண்டி, பெட்டி பாதித் தூரத்துக்குச் சற்று மேல் வந்ததுமே தன் எல்லையைத் தொட்டுவிடும். அதற்கப்புறம் சேர்த்துவைத்த வேகம் மட்டுமே அதை இன்னும் சில அடி கொண்டுபோகும். தடம் சுமார் 300 அடி. அதை முழுதாகக் கடப்பவர்கள் பலரானால், அடுத்த சுற்றுக்குப் பெட்டியில் கட்டிகள் கூடும்.

குதிரைத்திறனுக்கு விடை இந்த வேகத்தில் இருக்கிறது. 4 டன் விசையை மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் கொடுக்க 45 குதிரைத்திறன் போதும். அதே விசையைச் சக்கரம் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் சுற்றும்போதும் கொடுக்க வேண்டுமானால் 750 குதிரைத்திறன் வேண்டும். இழுவை அதேதான், வேகத்துக்குத்தான் இத்தனை செலவு. உப்பளத்தில் யாருக்கும் அந்த வேகம் தேவைப்படுவதில்லை.

இதன் வரலாறு நீளமானதல்ல. குதிரைகளைக் கொண்டு நடந்த இழுவைப் பந்தயம் 1929-இல் ஒஹாயோவிலும் மிசௌரியிலும் டிராக்டருக்கு மாறியது. விதிகளை ஒழுங்குபடுத்த 1969-இல் ஒரு தேசியச் சங்கம் உருவானது. நகரும் பெட்டி வருவதற்கு முன், தடத்தின் ஓரத்தில் இடைவெளி விட்டு ஆட்கள் நிற்பார்கள். ஸ்லெட் தங்களைக் கடக்கும்போது ஒவ்வொருவராக அதன் மேல் ஏறிக்கொள்வார்கள். அந்த ஆட்களின் வேலையைத்தான் பெட்டியும் சங்கிலியும் பிறகு எடுத்துக்கொண்டன.

வண்டியைக் கட்டுபவர்களும் எடையோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். ஸ்லெட்டின் சங்கிலி வண்டியின் பின்கொக்கியிலிருந்து சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்து போகும். அது பின்சக்கரங்களைத் தரையோடு அழுத்தும், முன்சக்கரங்களைத் தூக்கப் பார்க்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன்சக்கரம் தூக்கிவிட்டால் அது இழுவைக்கு உதவாது. அதனால் என்ஜினை முடிந்தவரை முன்னால் தள்ளுவார்கள், பம்பருக்கும் முன்னே இரும்புக் கட்டிகளைத் தொங்கவிடுவார்கள். பின்பக்க ஸ்பிரிங் அமுங்காமல் கட்டை கொடுத்துவிடுவார்கள். கொக்கியின் உயரத்தை அங்குலக் கணக்கில் விதி கட்டுப்படுத்துகிறது. டர்போவும் புகையும் வீடியோவுக்கு நன்றாக இருக்கின்றன. ஆனால் போட்டிக்கு முன் அதிக நேரம் பிடிக்கிற வேலை, எந்தக் கட்டியை எங்கே மாட்டுவது என்பதுதான்.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். தூத்துக்குடி மாவட்டத்தில் வண்டியைப் புதைக்கும் மண் இரண்டு வகை. திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரியின் செம்மணல் ஒன்று. உப்பளத்தின் களி மற்றது. இரண்டிலும் சக்கரம் புதைந்து சுற்றுவது ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் உள்ளே நடப்பது நேர் எதிர்.

மணலில் துகளோடு துகள் உரசி நிற்கிறது. மேலே எடை கூடினால் உரசல் கூடும், பிடிப்பும் கூடும். களியின் துகள்களோ 2 மைக்ரானுக்கும் சிறிய தகடுகள். அவற்றின் இடுக்குகளில் நீர் நிறைந்திருக்கும். மேலே சக்கரம் ஏறினால் தகடுகள் நெருங்க வேண்டும், நெருங்குவதற்கு இடையிலுள்ள நீர் வெளியேற வேண்டும். அந்த மெல்லிய இடுக்குகளின் வழியே நீர் வெளியேற மாதங்கள் ஆகும். களிமண் மேல் கட்டிய கட்டடம் வருடக்கணக்கில் மெல்ல இறங்கிக்கொண்டே இருப்பது அதனால்தான். சக்கரம் ஒரு விநாடியில் கடந்துவிடுகிறது. ஆகவே ஈரக் களியின் மேல் ஏற்றிய எடை மண்துகளின் மேல் உட்காருவதே இல்லை, நீரின் மேல் உட்காருகிறது. நீர் எத்தனை அழுத்தத்தையும் தாங்கும், பக்கவாட்டில் தள்ளினால் தாங்காது. சக்கரம் செய்வது பக்கவாட்டில் தள்ளுவதைத்தான். எனவே ஊறிய களியில் வண்டியின் எடையை இரட்டிப்பாக்கினாலும் பிடிப்பு அப்படியே இருக்கும். அங்கே பிடிப்பைத் தீர்மானிப்பது தொடும் பரப்பு ஒன்றுதான். மண்ணியலில் எனக்கு இதைவிடப் பிடித்த விஷயம் கிடையாது. 1920-களில் கார்ல் டெர்சாகி சுமையைத் துகளுக்கும் நீருக்கும் இப்படிப் பிரித்துப் பார்த்த பிறகுதான் மண்ணுக்கென்று ஒரு பொறியியலே உருவானது.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதைப் பரோட்டாக் கடையில் வைத்தே சொல்லிவிடலாம். சாக்கில் இருக்கும் அரிசியை உள்ளங்கையால் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். அழுத்த அழுத்தக் கை நகர மறுக்கும். அதுதான் தேரி. பக்கத்தில் பிசைந்து ஊறவைத்த மாவை அதேபோல அழுத்தித் தள்ளினால், பலம் கூடக் கூடக் கை உள்ளேதான் போகும், பிடிப்பு கூடாது. மாவை நகராமல் பிடிக்க விரலை விரித்துப் பரப்பைக் கூட்ட வேண்டும். அது உப்பளம். மாவில் தண்ணீர் ஒரு கை கூடிவிட்டால் விரலிடுக்கில் அப்பிக்கொள்ளும். டயரின் பட்டைகளுக்கிடையே களி அப்பி, டயர் வழவழவென்று ஆகிவிடுவது அப்படித்தான். எண்ணெய் தடவிய அடுக்கு அடுத்த அடுக்கின் மேல் வழுக்குகிற மாதிரி, மேலே ஊறிய களி அடியிலுள்ள கெட்டிக் களியின் மேல் வழுக்கும். கடைசியில் அதே மாவு கல்லில் கிடந்து நீர் வற்றியதும் மொறுமொறுவென்று நிற்கிறது. ஏப்ரல் வெயிலில் அதே உப்பள ரோட்டில் லோடு லாரி குலுங்காமல் போவது இதனால்தான்.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவு. நன்றாக ஊறிய களியின் வலிமை சதுர மீட்டருக்கு ஒரு டன் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட தரை அமிழாமல் தாங்கக்கூடிய சுமை அதைப்போல ஐந்தாறு மடங்கு, அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 6 டன். அளத்தில் நடக்கும் தொழிலாளியின் ஒற்றைக் காலடி கொடுப்பது 3 டன் அளவு, அதனால் அவர் நடந்துபோகிறார். டயர் தரையில் கொடுக்கும் அழுத்தம், உள்ளே அடைத்த காற்றின் அழுத்தத்துக்கு ஏறத்தாழச் சமம். டிராக்டரின் பின்டயரில் 14 பவுண்டு காற்று என்றால் சதுர மீட்டருக்கு 10 டன். காரின் 33 பவுண்டு என்றால் 23 டன். லாரியின் 100 பவுண்டு என்றால் 70 டன். டிராக்டரும் அமிழத்தான் செய்யும். ஆனால் அகன்ற உயரமான டயர் இறங்க இறங்கத் தொடும் பரப்பு கூடி, ஓரிடத்தில் நின்றுவிடும். கார் நிற்பதற்குள் அதன் வயிறு சேற்றில் உட்கார்ந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் எடை சக்கரத்தை விட்டு வயிற்றுக்குப் போய்விட்டது. இனி 150 இருந்தால் என்ன, 1,500 இருந்தால் என்ன?

சேற்றுப் பந்தய வண்டிகளுக்குப் பெரிய என்ஜின் வீண் என்று சொல்லிவிட முடியாது. டயர் மிக வேகமாகச் சுற்றினால் பட்டைகளில் அப்பிய களி சிதறிப் போகும், ஒவ்வொரு சுற்றிலும் புதுப் பட்டை மண்ணைக் கடிக்கும். அதற்குத் திறன் வேண்டும். ஆனால் அது சில விநாடி ஓட்டத்துக்கான வழி. ஓட்டம் முடிந்தபின் தடம் முழங்கால் ஆழப் பள்ளமாகக் கிடக்கும். நாளைக்கும் அதே வரப்பு ரோட்டில் போக வேண்டியவருக்கு அது ஆகாது.

நம்மூர்ச் சேற்றுக்கான வண்டி ஏற்கெனவே ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து வயல்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. டிராக்டரின் பின்சக்கரத்தோடு மாட்டும் இரும்புக் கேஜ் வீல், ஊறிய சேற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கி, ஆண்டாண்டாக உழுது இறுகிய அடித்தட்டைப் பிடிக்கிறது. சேற்றில் பரப்பு, அடியில் கடினத் தரை, இரண்டும் ஒரே சக்கரத்தில். தார் ரோட்டில் ஓட்டினால் ரோடு கிழியும் என்பதால் வயலோடு கழற்றிவிட வேண்டும். தேரிக்கும் கடற்கரை மணலுக்கும் வைத்தியம் வேறு. அங்கே டயர்க் காற்றைப் பாதியாகக் குறைத்து, மெதுவாக, நிறுத்தாமல் போக வேண்டும். டிராக்டராக இருந்தால் பின்டயரில் தண்ணீர் நிரப்பி எடையைக் கூட்டலாம். மணலில் பலன் தரும் இந்தத் தண்ணீர் ஊறிய களியில் எதையும் தராது.

எனவே வாசகருக்கு என் பதில் இதுதான். அந்த 1,000 குதிரைத்திறன் வண்டியைக் கட்ட வேண்டாம். அந்தப் பணத்தில் சின்னப் பங்கை அகன்ற டயருக்கும், காற்று அளக்கும் கருவிக்கும், டயருக்கு அடியில் போட இரண்டு கெட்டிப் பலகைகளுக்கும் செலவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பஞ்சாபில் இரண்டு டிராக்டர்களை முதுகோடு முதுகு கட்டி இழுக்கவிடும் ‘டோச்சன்’ பந்தய வீடியோக்கள் இங்கேயும் சுற்றுகின்றன. 2023 அக்டோபரில் குர்தாஸ்பூர் மாவட்டத்தில் ஓர் இளைஞர் டிராக்டர் சாகசத்தில் இறந்த பிறகு, அந்த மாநில அரசு டிராக்டர் சாகசங்களைத் தடை செய்தது. முன்சக்கரம் தூக்குவது வீடியோவில் வீரமாகத் தெரியும். அது எடை முழுதும் பின்னச்சுக்குப் போய்விட்டதன் அடையாளம். பின்சக்கரம் சுற்ற முடியாமல் சிக்கியிருக்கும்போது என்ஜின் விடாமல் முறுக்கினால், சக்கரத்துக்குப் பதிலாக டிராக்டரின் உடலே அச்சைச் சுற்றி எழும்பும். ஓட்டுபவர் மேல் மல்லாந்து கவிழ ஒன்றரை விநாடி போதும். அமெரிக்கப் போட்டிகளில் ஸ்லெட்டுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கயிறு இருக்கும். ஏதாவது பிடுங்கிக்கொண்டால் அது என்ஜினை அணைத்துவிடும். நம் கடற்கரையில் படகு இழுக்கும் டிராக்டர்களில் அந்தக் கயிறு இல்லை.

படகைக் கரையேற்ற டிராக்டர் ஓட்டும் அண்ணன்மாருக்கும், புதைந்த வண்டியை இழுக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கயிற்றைப் பின்னச்சுக்குக் கீழே இருக்கும் இழுவைத் தண்டில் மட்டும் மாட்டுங்கள், அச்சிலோ அதற்கு மேலேயோ ஒருபோதும் மாட்டாதீர்கள். முதல் கியரில், கயிறு விறைத்த பிறகு மெதுவாகக் கிளட்சை விடுங்கள். முன்சக்கரம் லேசாக எழும்பினாலும் உடனே கிளட்சை மிதியுங்கள். நைலான் கயிறு அறுந்தால் இழுத்த அத்தனை விசையோடும் திரும்பி அடிக்கும். கயிற்றின் நீளத்துக்குள் யாரும், முக்கியமாகப் பிள்ளைகள், நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.