குடம் தூக்காத ஆறு வாரம்

கர்ப்பப்பை எடுத்த பெண் வீட்டுக்குக் கிளம்பும்போது மருத்துவர் தவறாமல் சொல்வது ஒன்று: “ஆறு வாரத்துக்கு வெயிட் தூக்காதீங்கம்மா.” அவரும் தலையாட்டிவிட்டுத்தான் வருகிறார். ஆனால் பிளாஸ்டிக் குடம் ஒன்று நிரம்பினால் ஏறக்குறைய 15 கிலோ. தெருக்குழாயிலிருந்து அதை இடுப்பில் ஏற்றி வருவதைத் திண்டுக்கல் வட்டாரத்தில் பாரம் என்று யார் நினைக்கிறார்கள்? நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் குனிந்து பூப் பறிப்பதும், வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளில் எட்டு மணி நேரம் நின்றபடியே ஷிப்ட் பார்ப்பதும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி மூட்டையை நகர்த்துவதும் அப்படித்தான். அன்றாடம் செய்கிற வேலை கணக்கில் வருவதே இல்லை.

மருத்துவர் அஞ்சுவது வெளியே தெரியும் தையலை நினைத்து அல்ல. கர்ப்பப்பையையும் அதன் வாயையும் எடுத்த பிறகு, பிறப்புறுப்புப் பாதையின் மேல்முனையைத் தைத்து மூடுகிறார்கள். அந்தத் தையல் தானாகக் கரைந்து, சதை உறுதியாகச் சேர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் குடம் தூக்கினாலோ, மலச்சிக்கலில் முக்கினாலோ, தாம்பத்திய உறவு கொண்டாலோ அழுத்தம் நேராக அங்கேதான் போகும். அபூர்வமாக அந்தத் தையல் விட்டுப்போவதுண்டு. திடீரென ரத்தமோ நீரோ கொட்டும், உள்ளிருந்து ஏதோ இறங்குவது போலத் தோன்றும். அப்படி ஆனால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் உடம்பு தேற ஆறிலிருந்து எட்டு வாரம். லேப்ராஸ்கோப்பியில் வலி குறைவு, ஓரிரு நாளில் வீட்டுக்கும் அனுப்பிவிடுவார்கள். “சின்னச் சின்ன ஓட்டைதானே” என்று மாமியாரும் கணவரும் அடுத்த வாரமே அடுப்படியை ஒப்படைத்துவிடுகிற ஆபத்து இதில்தான் அதிகம். வெளியே ஓட்டை சின்னதாக இருந்தாலும் உள்ளே போட்ட தையல் அதே தையல்தான்.

தூக்காதே என்பதற்குப் படுத்தே கிட என்று பொருள் இல்லை. மறுநாளே எழுந்து மெல்ல நடக்க வைக்கிறார்கள். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க அதுதான் வழி. பத்தியம் என்ற பெயரில் நடப்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் நிறையக் குடித்தால் தையல் சீழ் பிடிக்கும் என்று அக்கம்பக்கத்தார் பயமுறுத்துகிறார்கள். சீழ் பிடிப்பது கிருமியால். தண்ணீரைக் குறைத்தால் வருவது மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும். கீரை, முருங்கைக்காய், பழம், பருப்பு, முட்டை எல்லாம் சாப்பிடலாம்.

சில வாரங்களுக்கு லேசாக ரத்தக்கறையோ பழுப்பு நிறக் கசிவோ படுவது இயல்பு. ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால் அது இயல்பில்லை. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும், கசிவில் துர்நாற்றம் வீசினாலும், தையல் சிவந்து சீழ் கட்டினாலும் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும். வயிறு உப்பி வாந்தியும் சேர்ந்தாலும், சிறுநீர் பிரியாமல் முட்டினாலும், முதுகில் ஒரு பக்கம் மட்டும் தொடர்ந்து வலித்தாலும் அப்படியே. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அது நுரையீரலுக்குப் போனால் மூச்சுத் திணறும், நெஞ்சு வலிக்கும். அப்போது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வெட்கத்தால் மறைக்கப்படும் தொல்லை ஒன்று உண்டு. முதல் இரண்டு வாரத்துக்குள் சிறுநீர் தன்னையறியாமல் சொட்டுச் சொட்டாக, இடைவிடாமல் கசியத் தொடங்கும். ஆபரேஷனில் சிறுநீர்ப்பையிலோ சிறுநீர்க்குழாயிலோ காயம் பட்டிருந்தால் இப்படி நேரும். வயசாகிவிட்டது, நரம்புத் தளர்ச்சி என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு, துணியை மாற்றி மாற்றி வைத்து மாதங்களைக் கடத்துகிறார்கள். விசேஷங்களுக்குப் போவதும் நின்றுபோகிறது. இது சரிசெய்யக் கூடிய கோளாறு. சீக்கிரம் சொன்னால் சிலருக்குக் குழாய் வைத்தே ஆறிவிடும்.

சொல்வதற்கு இடம் தூரத்திலும் இல்லை. சௌந்தரம் அம்மையார் தொடங்கிவைத்த கஸ்தூர்பா மருத்துவமனை சின்னாளபட்டியை ஒட்டிய காந்திகிராமத்தில் இருக்கிறது. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது.

ஓய்வுக்கு எதிரி பெரும்பாலும் கூலிதான். நூற்பாலையில் இஎஸ்ஐ பிடித்தம் உள்ள பெண்ணுக்கு, சந்தா நாட்கள் சரியாக இருந்தால், மருத்துவச் சான்றிதழின்பேரில் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆறு வாரத்துக்கு அது தாராளம். பூக்காட்டுக்குப் போகிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் மூன்றாம் வாரமே கூடையைத் தூக்கினால் குற்றம் அவருடையது என்று சொல்ல மனம் வரவில்லை.

கூலி போகிறதே என்று கர்ப்பப்பையையே எடுக்கவைத்த கதையும் இந்த நாட்டில் நடந்தது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டது 2019-ல் வெளிவந்தது. தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தும்படி 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. வெறும் வெள்ளைப்படுதலுக்காக ஆபரேஷன் என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரிடமும் கேட்பது நல்லது.

டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போதே இரண்டு கேள்வி கேட்டுவிட வேண்டும். சினைப்பைகளையும் எடுத்தார்களா? எடுத்திருந்தால் மாதவிடாய் நின்றதுபோல உடம்பு திடீரெனக் கொதிக்கும், தூக்கம் கெடும், எலும்பு தேயும். 45 வயதுக்குக் கீழ் உள்ளவர் கட்டாயம் மருத்துவரிடம் இதைப் பேச வேண்டும். கர்ப்பப்பை வாயை விட்டுவைத்தார்களா? அப்படியென்றால் புற்றுநோய்க்கான பரிசோதனை அவருக்கு இனியும் தேவை. எடுத்த கர்ப்பப்பையைச் சோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். அதன் முடிவு சில நாள் கழித்துத்தான் வரும். போய்க் கேட்டு வாங்க வேண்டும்.