பிக்-அப்பை உயர்த்தியதும் அதிர்கிறதா? டிரைவ்ஷாஃப்ட் கோணத்தைப் பாருங்க

மலேசியச் சாலைகளில் உயர்த்திய ஃபோர்-வீல் டிரைவ் பிக்-அப்களை நிறையவே பார்க்கலாம். பார்க்க கம்பீரம்தான். ஆனால், நெடுஞ்சாலையில் வேகம் கூடும்போது வண்டி அதிர ஆரம்பித்தால்? பலரும் முதலில் டயரைத்தான் சந்தேகிப்பாங்க. பேலன்சிங்குக்குப் பணம் போகும், அதிர்வு மட்டும் போகாது.

கோளாறு டிரைவ்ஷாஃப்ட்டில் இருக்கலாம்.

அது என்ன செய்கிறது?

கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் நீளமான குழாய் அது. இரு முனைகளிலும் யூ-ஜாயிண்ட் இருக்கும். சாய்ந்த நிலையில் இந்த மூட்டு சீராகச் சுழலாது; ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை அதன் வேகம் கூடிக் குறையும்.

சாய்வு 30 பாகை என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நிமிடத்துக்கு 1,000 சுற்று போனால், வெளியே வருவது 866க்கும் 1,155க்கும் இடையே ஊசலாடும். 3 பாகையில் அது ஏறக்குறைய 999 முதல் 1,001 வரைதான்.

அப்போ ஷாஃப்ட் நேராக இருந்தால் போதுமா?

போதாது. கோணமே இல்லாவிட்டால் மூட்டுக்குள் உள்ள ஊசி உருளைகள் உருளாமல் ஒரே இடத்தில் தேயும். தேவை, இரு முனைகளிலும் சமமான சிறிய கோணம். அப்போது முன் மூட்டின் ஏற்ற இறக்கத்தைப் பின் மூட்டு ஈடுகட்டிவிடும். ஷாஃப்ட்டின் இரண்டு கவைகளும் ஒரே வாக்கில் இருப்பதும் அவசியம். அதனால் கழற்றும் முன் அடையாளம் போட்டு வைங்க.

பொதுவான அளவு: ஒவ்வொரு மூட்டிலும் 1 முதல் 3 பாகை. இரண்டுக்கும் வித்தியாசம் 1 பாகைக்குள்.

எப்படி அளப்பது?

சமதரையில், வண்டியின் எடை சக்கரங்கள் மீது இருக்கும்போது அளக்கணும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீங்க.

கியர்பாக்ஸ், ஷாஃப்ட், பின் அச்சின் பினியன் மூன்றும் பின்பக்கமாகச் சரியும் கோணத்தை டிஜிட்டல் கோணமானியில் குறிங்க. 4, 6, 4 பாகை வந்தால் இரு மூட்டிலும் 2 பாகை. பிரச்சினை இல்லை. பினியன் 1 பாகை காட்டினால் பின் மூட்டில் 5 ஆகிவிடும். அதிர்வு அங்கிருந்துதான்.

பட்டை ஸ்பிரிங் வண்டிகளில், ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்து இதைச் சரிசெய்யலாம். ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்தால் நடு பேரிங்கின் உயரத்தையும் பார்க்கணும்.

அதிர்வைக் கண்டுக்காமல் ஓட்டினால் மூட்டு தேய்ந்து, ஓடும்போதே ஷாஃப்ட் கழன்று விழக்கூடும்.

வண்டியை உயர்த்தும் முன் ஜேபிஜே விதிமுறைகளைப் பாருங்க. உயர்த்திய பிறகு பட்டறையில் ஒரு கேள்வி கேளுங்க: “கோணத்தை அளந்தீங்களா அண்ணே?”