பாலாற்றுக் களிமண்ணும் தோற்கிடங்கு உப்பும்

வேலூரினின்று காட்பாடிக்குப் பாலத்தின் வழியே செல்வோர் ஆண்டின் பெரும்பகுதியில் பாலாற்றிற் காண்பது மணலேயன்றி நீரன்று. ஆதலின் இதனை மணலாறு என்று எண்ணிவிடுதல் இயல்பே. ஆயின் ஆற்றோரத்தை விட்டுச் சற்று விலகி, வாணியம்பாடி முதல் ஆர்க்காடு வரையில் ஆங்காங்கே தாழ்ந்து கிடக்கும் நன்செய்களிற் கால் வைத்தால், முற்றும் வேறான மண்ணொன்றைக் காணலாம். மழை நாளில் அது காலைப் பற்றிக்கொண்டு விடாது; கோடையில் இறுகி விரல் நுழையுமளவு வெடித்துக் கிடக்கும். உழவர் இதனைக் களி என்பர். மணலும் களியும் கொணர்ந்தது ஒரே ஆறுதான். ஆறு அவற்றைப் பிரித்து வைத்த விதமும், களியின் உள்ளமைப்பும், அவ்வமைப்பே தோல் பதனிடும் தொழில் மலிந்த இந்நாட்டில் அதற்குத் தீங்காய் முடிந்த வகையும் இக்கட்டுரையிற் கூறப்படும்.

பாலாறு கருநாடகத்து நந்திமலைப் பக்கத்திலே தோன்றி, ஆந்திர நாட்டின் ஒரு மூலையைக் கடந்து, தமிழ்நாட்டிற் புகுந்து, சதுரங்கப்பட்டினத்துக்கு அண்மையிலுள்ள வயலூரிற் கடலோடு கலக்கின்றது. ஆம்பூர்ப் பக்கத்து மலட்டாறும், ஆர்க்காட்டுக்கு மேலே பொன்னையாறும் இதனோடு சேர்கின்றன. வருவது அரிது, வந்தால் பெருக்கெடுத்து வரும். 1903 நவம்பரில் மைசூர் நாட்டு ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியைப் பாழ்படுத்தியதை அவ்வூரார் இன்றும் பேசுவர். 2021 நவம்பரிலும் நெடுங்காலம் காணாத பெருவெள்ளம் வந்தது.

வெள்ளம் கரை புரளும்போது, அதன் வேகம் ஆற்றின் நடுவே மிகுந்தும், கரைக்கு அப்பாற் பரந்த வெளியிற் குறைந்தும் இருக்கும். வேகம் குறைந்தவுடனே பருமணல் கரையோரத்திற் படிந்துவிடும். நுண்ணிய துகள்களோ நெடுந்தூரம் மிதந்து சென்று, நீர் தேங்கும் தாழ்நிலங்களில் மெல்ல மெல்ல அடங்கும். இதன் அளவை அறிந்துகொள்வது நன்று. 0.02 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள துகள், அசையாத நீரில் 10 சென்டிமீட்டர் ஆழம் இறங்க ஏறக்குறைய 5 நிமிஷம் ஆகும். அதிற் பத்திலொரு பங்கு குறுக்களவுள்ள 0.002 மில்லிமீட்டர்த் துகளோ, அதே ஆழம் இறங்க ஏறக்குறைய 8 மணி நேரம் கொள்ளும். இவ்விரண்டாவது அளவுக்கும் சிறியனவற்றையே மண்ணூலார் களி என்று வரையறுக்கின்றனர். ஆகவே களிமண் வயல் என்பது, முன்னொரு காலத்தில் வெள்ளநீர் நெடுநேரம் அசையாது நின்ற இடம் என்று கொள்ளலாம்.

களி, மணலைப் பொடித்துச் சிறிதாக்கியது போன்றதன்று. மலைப்பாறையிலுள்ள பெல்ஸ்பார் முதலிய கனிப்பொருள்கள் மழையாலும் காற்றாலும் நெடுங்காலம் சிதைந்து, சிலிக்கனும் அலுமினியமும் பிராணவாயுவும் சேர்ந்த புதிய தகடுகளாக உருவெடுத்ததே களியாகும். ஒவ்வொரு துகளும் ஏட்டுச்சுவடி போல அடுக்கடுக்காயமைந்தது. செம்மண்ணில் மிகுதியாயுள்ள கயோலின் வகையில் ஏடுகள் இறுகக் கட்டியிருத்தலால் நீர் இடையே புகாது. கருநிலங்களில் மிகுந்துள்ள மான்ட்மோரில்லோனைட் வகையிலோ, நீர் ஏடுகளுக்கிடையே புகுந்து அவற்றை விரிக்கும். வற்றினால் ஏடுகள் நெருங்கிச் சுருங்கும். வயல் வெடிப்பதன் காரணம் இதுவே. இவ்வகைக் களி ஒரு கிராம் எடையில், ஏடுகளின் முகமெல்லாம் கூட்டினால், 700 சதுர மீட்டருக்குக் குறையாத பரப்பு உண்டு. ஒரு சிட்டிகை மண்ணுக்குள் ஒரு பெரிய வீட்டு மனையின் பரப்பு மடிந்து கிடக்கின்றது என்பது மிகையன்று.

இத்துணைப் பரப்பும் எதிர்மின்னேற்றம் உடையது. அதனால், நேர்மின்னேற்றமுள்ள கால்ஸியம், மக்னீஷியம், பொட்டாஸியம், ஸோடியம் முதலிய அயனிகள் அதன்மேல் ஒட்டி நிற்கின்றன. இவை கழுவிப் போவதில்லை. ஆயின் வேறோர் அயனி மிகுதியாய் வந்தால் இடம் மாறிக்கொள்ளும். இதனை 1850-ல் தாமஸ் வே என்னும் ஆங்கில இரசாயன நூலார் தெளிவாக எடுத்துக் காட்டினார். அம்மோனிய உப்பு கரைந்த நீரை மண்ணின் வழியே வடியவிட்டபோது, உள்ளே சென்றது அம்மோனியம், வெளியே வந்தது கால்ஸியம். உழவன் இடும் எருவின் சாரம் முதல் மழையிலேயே அடித்துச் செல்லப்படாமல் களிநிலத்தில் தங்கிப் பயிருக்குப் பயன்படுவது இவ்வியல்பினாலேயே. மணல்நிலம் தாராளமாய்ச் செலவழித்துவிடும் வீட்டைப் போன்றது. களிநிலம் வந்ததைப் பெட்டியிற் பூட்டிவைக்கும் வீடு. வருவது நல்லதாயினும் தீயதாயினும் பூட்டிவைக்கும் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

ஒட்டி நிற்கும் அயனி எது என்பதைப் பொறுத்தே மண்ணின் குணம் அமையும். கால்ஸியம் இரண்டு மின்னேற்றமுடையது. தகட்டை நெருங்கி நிற்கும். அதனால் அடுத்தடுத்த தகடுகள் ஒன்றையொன்று அணுகித் திரண்டு சிறுசிறு பொருக்குகளாகும். அப்பொருக்குகளின் இடைவெளியில் காற்றும் நீரும் வேரும் செல்லும். ஸோடியமோ ஒற்றை மின்னேற்றமுடையது. தன்னைச் சுற்றி நீரைப் போர்த்துக்கொண்டு தகட்டினின்று எட்டி நிற்பது. ஸோடியம் மிகுந்தால் தகடுகள் ஒன்றையொன்று தள்ளிப் பிரிந்து, நீரிற் குழம்பாகி, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும்.

இதன் மறுபுறத்தை நம் வீட்டுப் பெண்டிர் பண்டே அறிவர். கலங்கிய ஆற்றுநீர்க் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைப்பதும், படிகாரத்தைச் சிறிது கலக்குவதும், பிரிந்து மிதக்கும் களித்துகள்களை ஒன்றுகூட்டி அடியிற் படியச் செய்வதற்கன்றோ? படிகாரத்திலுள்ள அலுமினியம் மூன்று மின்னேற்றமுடையது. ஆதலின் அதன் வேலை விரைவில் முடிகின்றது.

நிற்க. இந்நாட்டில் தோற்றொழில் வேரூன்றியதற்குக் காரணங்கள் பல. ஆற்றுமணலின் கீழே ஊறிக் கிடந்த நன்னீர், காடுகளிற் கிடைத்த ஆவாரம்பட்டை, 1856-ல் இராயபுரத்தினின்று வாலாஜா ரோடு வரை வந்த இருப்புப்பாதை ஆகியவை அவற்றுட் சில. உரித்த தோல் அழுகாதிருக்க அதன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு உப்பைத் தடவுவர். தோற்கிடங்கில் நடக்கும் முதல் வேலை தோலை ஊறவைப்பது. அப்பொழுதே அவ்வுப்பில் மிகுதியான பாகம் கழிநீரிற் கரைந்துவிடுகின்றது. பின்பு மயிர் நீக்கச் சுண்ணாம்பும் ஸோடியம் ஸல்பைடும். அதன் பின்பு மீண்டும் உப்பும் கந்தகத் திராவகமும். ஆவாரம்பட்டைக் காலத்திலும் உப்புநீர் உண்டு. ஆனால் தொழில் சிறிது. 1970-க்குப் பின் பச்சைத்தோல் ஏற்றுமதியை அரசாங்கம் தடுத்து, முடிந்த தோலையே அனுப்ப ஊக்கியபோது, குரோமியத்தால் பதனிடும் முறை எங்கும் பரவிற்று; தொழில் பெருகிற்று; கழிநீரும் பெருகிற்று. ஒரு கிலோ தோல் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாகும் என்று உச்ச நீதிமன்றத்துத் தீர்ப்பொன்று குறிக்கின்றது. இத்தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறளிப்பது. அதை இகழ்ந்து பேசுவது இக்கட்டுரையின் கருத்தன்று. உப்பு எங்கே போயிற்று என்பதே கேள்வி.

அது ஆற்றுக்கும், ஏரிக்கும், கிணற்றுக்கும் போயிற்று. கிணற்று நீரோடு வயலுக்கு வந்தது. சமையலுப்பு என்பது ஸோடியமும் குளோரினும் சேர்ந்ததே. குளோரைடு எதிர்மின்னேற்றமுடையதாதலின் களி அதனைப் பற்றுவதில்லை. நீரோடு வந்து நீரோடு போகும். ஸோடியம் கால்ஸியத்தைப் பெயர்த்து அவ்விடத்தில் தான் அமர்ந்துகொள்ளும்.

இங்கே வியப்பானதொன்று உண்டு. உப்புநீர் பாய்ந்துகொண்டிருக்கும் வரை வயலின் கட்டமைப்புக் கெட்டதாகத் தோன்றாது. நீரில் உப்பு மிகுந்திருந்தால், ஸோடியக் களியும் பிரிய மாட்டாமல் திரண்டே நிற்கும். வேலூரில் நாள்முழுதும் கலங்கி நிற்கும் வெள்ளநீர், கடலோடு கலந்த இடத்தில் விரைந்து தெளிவதும் இக்காரணத்தாலேயே. பயிர் வாடும்; ஆனால் மண் பொலபொலவென்றிருக்கும். கழிநீர் நின்று, நல்ல மழை பெய்து, உப்பு கழுவிப் போனபின்புதான் கேடு வெளிப்படும். உப்புப் போயிற்று, ஸோடியம் நின்றது, களி குழம்பாயிற்று. மேலே நீர் நாட்கணக்கிற் பால்போலக் கலங்கி நிற்க, ஒரு சாண் கீழே மண் உலர்ந்திருக்கும். காய்ந்தால் மேலே ஓடுபோல இறுகி, முளை அதைத் துளைத்து வரமாட்டாது. மழையே மருந்து என்று நம்பியிருந்த உழவனுக்கு மழை பெய்தபின் நிலம் முன்னிலும் கெட்டதாகத் தோன்றுவதன் காரணம் இது. ஹாலந்து தேசத்தில் 1944-45-லும் 1953-லும் கடல்நீர் புகுந்த களிநிலங்களில் இதே நிகழ்ச்சி கண்டனர். அங்கே நிலத்தை அவசரப்பட்டு உழாமலும், ஜிப்ஸம் தூவியும் சில ஆண்டுகளில் மீட்டனர்.

மாணவர் இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். ஐயமுள்ள வயலினின்று சுண்டைக்காய் அளவு உலர்ந்த மண்கட்டியொன்றை எடுத்து, ஒரு கண்ணாடிக் குவளையிற் பிடித்த மழைநீரில் மெதுவாக விட்டு, அசைக்காமல் இரண்டு மணி நேரம் வைக்கவேண்டும். கட்டி உதிர்ந்து குவியலாய்க் கிடந்து, நீர் தெளிந்திருந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. கட்டியைச் சுற்றிப் பால்போன்ற மூட்டம் எழுந்து பரவினால், ஸோடியம் குடியேறிவிட்டது என்று அறியலாம். கிணற்று நீரிற் சோதிப்பது பயனற்றது. அதிலுள்ள உப்பே உண்மையை மறைத்துவிடும்.

இவ்விருவகைக் கேட்டுக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் உண்டு. கரையும் உப்பு மிகுந்தது உவர். ஸோடியம் களியிற் பற்றிக்கொண்டது களர். கல்லாதாரை வள்ளுவர் ஒப்பிட்டது களர்நிலத்துக்கே. மேலே வெள்ளை பூத்துக் கிடப்பது உவர். வண்ணார் வெள்ளாவிக்கு எடுத்த மண் இவ்வகை நிலத்தினது. களரோ நீரை உள்ளே விடாது. களி பற்றியுள்ள அயனிகளில் நூற்றுக்கு 15 பங்குக்கு மேல் ஸோடியமாயின் களர் என்பது இக்காலத்து மண்ணூலார் வழக்கு. தோற்கிடங்கையடுத்த வயல்களில் இரண்டும் ஒருங்கே காணப்படுதலால், உவரை மட்டும் கண்டு களரை மறந்துவிடுதல் எளிது.

குரோமியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதனிடுவதிற் பயன்படும் மூன்று மின்னேற்றக் குரோமியத்தைக் களிமண் எளிதிற் பிடித்து மேல்மண்ணிலேயே நிறுத்திவிடும். அது கீழே கிணற்றுக்கு விரைந்து இறங்காது. ஆறு இணைதிறமுடைய குரோமேட்டோ எதிர்மின்னேற்றமுடையது, களியின் பிடிக்கு அகப்படாமல் நீரோடு ஓடும், நஞ்சும் மிக்கது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையொன்று விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு, தோற்கிடங்குக் கழிவினும் வேறானதோர் அபாயமாய் இருப்பது இதனாலேயே.

வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தார் 1991-ல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோற்கிடங்குப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமோ ஓரளவோ பயிருக்குதவாமற் போயிற்று என்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டது அத்தீர்ப்பிலே கூறப்பட்டுள்ளது. மாசுபடுத்தினோரே ஈடுசெய்தல் வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தில் உறுதிபெற்றதற்கு இவ்வழக்குப் பெருந்துணையாயிற்று. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. ஆயின் அவை முதலில் அழுகற்பொருளைப் போக்கினவேயன்றி உப்பைப் போக்கவில்லை. நுண்சவ்வு வழியாக நீரைப் பிழிந்து உப்பைப் பிரிக்கும் முறை பின்பே வந்தது. பிரித்த உப்பை எங்கே வைப்பது என்னும் தொல்லையும் உடன் வந்தது. 2025 ஜனவரி 30-ல் அதே நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மறுபடியும் தீர்ப்புரைத்து, இழப்பீட்டை அளித்து அதனைக் கேடு செய்தோரிடம் வசூலிக்குமாறு ஆணையிட்டது.

இழப்பீடு பணம்; நிலத்துக்கு வேண்டுவது கால்ஸியம். அது ஜிப்ஸமாகக் கிடைக்கும். எவ்வளவு வேண்டும்? 100 கிராம் மண் 30 மில்லி சமவெடை அயனிகளைப் பற்றும் ஒரு களிவயலில், நூற்றுக்கு 25 பங்கு ஸோடியம் இருப்பதாகக் கொள்வோம். அதனை 10 பங்காகக் குறைக்க, மேல் 15 சென்டிமீட்டர் மண்ணுக்கு மட்டும் ஏக்கருக்கு ஏறக்குறைய 3½ டன் ஜிப்ஸம் ஆகும். ஒரு லிட்டர் நீரில் 2½ கிராம் அளவே ஜிப்ஸம் கரையுமாதலின், அத்தனையும் கரைந்து இறங்க வயல்முழுதும் ஓரடிக்கு மேல் உயரத்துக்கு நல்ல நீர் பாயவேண்டும். பெயர்ந்த ஸோடியம் வெளியேறாவிட்டால் மீண்டும் பற்றிக்கொள்ளும். ஆகவே ஜிப்ஸத்துக்கு முன்னே வடிகால் வெட்டவேண்டும். பலர் இதனை மாற்றிச் செய்து ஜிப்ஸத்தைக் குறை கூறுகின்றனர்.

வடிந்த நீர் எங்கே போகும் என்பது அடுத்த கேள்வி. கீழேயுள்ள மணற்படுகைக்குப் போனால் அது கிணற்றுக்கே திரும்பும். ஆதலின் ஒரு வயலைத் தனியே மீட்பது அரிது; ஓரூரின் வயல்களெல்லாம் ஒரே வாய்க்காலில் வடியுமாறு செய்து, கிணற்றுநீரை விடுத்து, ஏரிநீரையும் மழைநீரையும் கொண்டே கழுவவேண்டும். ஜிப்ஸமிட்ட பின் தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால், அது அழுகும்போது எழும் கரியமிலவாயு மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து மேலும் கால்ஸியத்தைத் தரும். வேர் சென்ற வழியே நீர் இறங்கும். களரைத் தாங்கும் நெல் வகைகளை முதலிரண்டு போகங்களில் இடலாம். பயறு வகைகளை அதன் பின்னரே இடவேண்டும். அவை களருக்கு மிகவும் அஞ்சுவன. வடகிழக்கு மழைக்கு முன்னே, புரட்டாசிக்குள், வடிகாலும் ஜிப்ஸமும் முடிந்திருப்பின் அவ்வாண்டு மழை வீண்போகாது.