மோட்டார் எஞ்சின் கொதிப்பது ஏன்?

வெப்பமே மோட்டார் வண்டிக்கு உயிர். அவ்வெப்பம் அளவு கடப்பின் அதுவே அதற்குக் கூற்றுவனாம். இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள சாலையில், துறைமுகம் நோக்கி ஊர்ந்து செல்லும் சரக்குப் பெட்டக லாரிகளினிடையே, பானெட்டைத் திறந்துவைத்து ஆவி பறக்க நிற்கும் வண்டியைக் காணாதார் அரியர். அந்நிலையில் பலரும் செய்வது நீரை ஊற்றி மீண்டும் ஓட்டுதலே. காய்ச்சலின் காரணம் அறியாது நெற்றியில் ஈரத்துணி இடுவதை அஃது ஒக்கும்.

இப்பகுதிக்கும் மோட்டார்த் தொழிலுக்கும் உள்ள தொடர்பு பழையது. 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் எண்ணூரில் ஆஸ்டின் கார்களை இணைத்து உருவாக்கிற்று. 1955இல் அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்று, லாரிகளாலும் பஸ்களாலும் புகழ் எய்திற்று. அவ்வாண்டிலேயே நிறுவப்பெற்ற என்பீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள்களைச் செய்தது. புல்லட்டின் சிலிண்டரைச் சூழ்ந்த உலோகத் தகடுகள் வெப்பத்தை நேரே காற்றில் விடும். லாரிக்கும் காருக்கும் அது போதாமையின் நீரின் துணை வேண்டும்.

எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வேலையாகின்றது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறும்; எஞ்சியதில் பெரும்பகுதியை நீரே சுமந்து செல்லும். எஞ்சினின் உள்வழிகளில் பம்பு நீரைச் செலுத்த, சூடேறிய நீர் ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைந்து, விசிறி இழுக்கும் காற்றால் ஆறி மீளும். இடையே தெர்மாஸ்டாட் என்னும் வாயில்காப்போன் உளன். நீர் ஏறத்தாழ 80 முதல் 90 டிகிரி சென்டிகிரேடு சூடு அடையும்வரை வழியை அடைத்துப் பின்னர்த் திறப்பான். ரேடியேட்டரின் மூடி உள்ளே அழுத்தத்தை நிலைநிறுத்துதலால், 100 டிகிரியிலும் அந்நீர் கொதிப்பதில்லை.

இனிக் குறை காணும் முறையைக் கூறுவாம். முதற்கண் நோக்கத்தக்கது, சூடு எப்பொழுது ஏறுகின்றது என்பதே. நெரிசலில் நிற்கையில் ஏறி, ஓடுகையில் தணியுமாயின், குறை பெரும்பாலும் விசிறியினது. ஓடும் வண்டிக்குக் காற்று தானே வந்து புகும். விரைந்து ஓடும்போதும் பாரம் இழுக்கும்போதும் ஏறுமாயின், ரேடியேட்டர் அடைப்பையோ பம்பின் தேய்வையோ ஐயுறுக. எஞ்சின் கொதித்தும் ரேடியேட்டர் குளிர்ந்திருப்பின், தெர்மாஸ்டாட் திறவாது நின்றிருக்கலாம். நீர்மட்டம் அடிக்கடி தாழின், குழாய்களிலும் இணைப்புகளிலும் ஒழுக்கைத் தேடுக. வெளியே ஒழுக்கின்றியே நீர் குறைந்து, வெண்புகை விடாது எழுந்து, எஞ்சின் எண்ணெய் பால் கலந்தாற்போல் நிறம் மாறின், சிலிண்டர் தலையின் கேஸ்கட்டு பழுதுற்றதென அறிக. அதன்பின் வண்டியை ஓட்டலாகாது.

கடற்கரைக்கே உரிய காரணங்களும் உள. உப்புக்காற்று ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை அரிக்கும். உவர்நீரை ஊற்றின் உட்குழாய்களில் உப்புப் படிந்து வழி குறுகும். ஆதலின் துருவைத் தடுக்கும் கூலன்ட்டைத் தூயநீரில் உரிய அளவு கலந்து ஊற்றுதலே தக்கது.

யாவற்றினும் தலையாய எச்சரிக்கை ஒன்றுண்டு. கொதிக்கும் எஞ்சினின் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறவற்க. அழுத்தம் நீங்கிய அக்கணமே வெந்நீரும் ஆவியும் பொங்கி முகத்திற் பாயும்; கண்ணொளியும் போதல் கூடும். வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அரைமணி நேரமேனும் ஆறவிடுக. சுட்ட உலோகத்தின்மேல் குளிர்நீர் ஊற்றின் சிலிண்டர் தலை வெடித்தலும் உண்டு.

லாரியையே பிழைப்பாகக் கொண்ட குடும்பத்திற்கு எஞ்சின் கெடுதல் பல மாத வருவாய் கெடுதலாம். அவ்விழப்பைத் தடுக்கப் பெரும்பொருள் வேண்டா. சூட்டுமானியின் முள் உயரத் தொடங்கும்போதே வண்டியை நிறுத்திக் காரணத்தைத் தேடும் பொறுமை போதும். சரக்கு ஒருநாள் தாமதித்துச் சேரலாம். வெந்த கையும் வெடித்த எஞ்சினும் அத்துணை எளிதில் சீர்ப்படா.