சின்னஞ் சிறுவர் வாசிக்கும் காலைச் செய்தி

நம் நாட்டுப் பாடசாலைகளிலே காலைப் பிரார்த்தனைக்கும் அதிபரின் அறிவுரைக்கும் நடுவே செய்தி வாசிப்பு என ஓர் அங்கம் இடம்பெறுவதைப் பெற்றார் பலரும் அறிவர். ஐந்தாந் தரத்துப் பிள்ளை ஒன்று, தந்தையார் முதல் நாள் இரவு பத்திரிகையிலிருந்து வெட்டிக் கொடுத்த துண்டைக் கையில் ஏந்தி, மூச்சு விடாமல் வாசித்து முடிக்கும். அமைச்சரவைத் தீர்மானம், வட்டி வீதம், வெளிநாட்டுத் தூதுவரின் வருகை ஆகியன அதில் அடங்கும். வரிசையில் நிற்கும் முதலாந் தரத்துப் பாலர் கால் விரலாற் மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்பர். இப்பொழுது சில ஆரம்பப் பாடசாலைகளில் வகுப்புத் தோறும் ஒலிபெருக்கி பொருத்தியிருக்கிறார்கள். கைத்தொலைபேசியிற் பதிவுசெய்து திரையிற் காட்டுவோரும் உளர். கருவி புதிது, வாசிக்கப்படுவதோ அதே வட்டி வீதந்தான்.

ஏழு வயதுப் பிள்ளைக்குச் செய்தி எது? பாடசாலை வளவில் நாய் ஐந்து குட்டி ஈன்றது செய்தி. கிணற்றடி மாமரம் பூத்தது செய்தி. உலக நடப்புப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பது நம் கருத்தன்று. தன் வளவின் செய்தியைக் கவனித்துச் சொல்லப் பழகிய பிள்ளையே உலகச் செய்தியையும் விளங்கிக் கேட்கும் என்பதே நாம் சொல்ல வருவது.

சொல்லத்தக்கது இல்லாத நாளிலே இல்லையென்று சொல்லிவிடுவதும் நன்றே. 1930ஆம் ஆண்டு ஏப்பிரில் 18ஆந் திகதி, பெரிய வெள்ளிக்கிழமை மாலையில், இலண்டன் பீ.பீ.ஸீ. அறிவிப்பாளர் செய்தி நேரத்தில் ஒலிவாங்கியின் முன் வந்து, இன்று செய்தி எதுவும் இல்லை என்று கூறி முடித்தார். எஞ்சிய நேரத்துக்குப் பியானோ இசை ஒலித்தது. அத்துணைப் பெரிய நிலையமே அவ்வாறு செய்திருக்க, ஆரம்பப் பாடசாலையின் ஐந்து நிமிடத்தை நிரப்பக் கடன் வாங்குவானேன்? ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஒரு பிள்ளை ஒரு முறை வாசிப்பதற்கு அறுபது எழுபது சொற்கள் போதும்.

காலநிலை அறிக்கையைப் பத்திரிகையிலிருந்து பார்த்தெழுதாமல், பிள்ளைகளே அளந்து சொல்வதாக அமைக்கலாம். நேரான பக்கங்களையுடைய வெறும் போத்தல் ஒன்றை எடுத்து, மேற்பகுதியை வெட்டித் தலைகீழாகப் புனல் போல உள்ளே வைத்துவிட்டால் மழைமானி ஆயிற்று. அடியிலே வளைந்த பகுதியைச் சிறு கற்களால் நிரப்பி, கல் மூழ்கும் வரை நீர் விட்டு, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் குறித்து, அதன்மேல் அடிமட்டத்தை ஒட்டவேண்டும். மரநிழலும் கூரைத் தாழ்வாரமும் இல்லாத வெளியில் வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்திற் பார்க்கவேண்டும். ஐப்பசி கார்த்திகையில் வடக்கிலும் கிழக்கிலும் இதனாற் பிறக்கும் உற்சாகத்துக்கு அளவில்லை. "நேற்று 23 மில்லிமீற்றர்" என்ற அறிவித்தலுக்கு மூன்றாந் தரத்தார் கைதட்டுவார்கள், மழையைத் தாமே பெய்வித்தவர்கள் போல!

இதனோடு ஒரு போட்டியையும் சேர்க்கலாம். நாளை மழை வருமா என்பதற்கு வானிலை அவதான நிலையத்தின் கூற்று ஒன்று. எறும்பு முட்டை காவுவதையும் தும்பி தாழப் பறப்பதையும் கண்டு வீட்டுப் பாட்டி சொன்ன கூற்று மற்றொன்று. எது பலித்தது என மறுநாள் புள்ளி இடவேண்டும். மாத முடிவிற் பாட்டி வென்றால் அதுவும் ஒரு செய்தியே. மழையைச் சிங்களத்தில் 'வெஸ்ஸ' என்பர் எனச் சகோதர மொழிச் சொல்லொன்றையும் அதே மூச்சிற் சொல்லிவிடலாம்.

'ஏன்?' என்றொரு பகுதியும் வேண்டும். கேள்விப் பெட்டியில் பிள்ளைகள் போடும் வினாக்களுள் நாளுக்கு ஒன்றை எடுத்து விடை சொல்வது அது. இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணவேண்டாம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி தாய்லாந்தின் மைக்காவோ கடற்கரையிலே பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி, கடல் நுரைத்துக் கொந்தளிப்பதைக் கண்டு, அது ஆழிப்பேரலையின் அறிகுறி எனத் தாய் தந்தையரிடம் வற்புறுத்திக் கூறினாள். இரண்டு வாரங்களுக்கு முன் புவியியற் பாடத்தில் அவள் கேட்டது அது. கடற்கரையிலிருந்தோர் அகற்றப்பட்டு உயிர் தப்பினர். அதே காலையில் முல்லைத்தீவிலும் மருதமுனையிலும் கடல் கொண்டுபோனவற்றை நம்மவர் யாரும் மறந்திலர். கடலோரப் பாடசாலைகளில் 'கடல் திடீரென்று உள்வாங்கினால் என்ன செய்யவேண்டும்?' என்ற கேள்வி ஆண்டுக்கு இருமுறையாவது இப்பெட்டியிலிருந்து வெளிவரவேண்டும். பிள்ளை போடாவிட்டால் ஆசிரியர் போடட்டும்.

நிற்க. வேடிக்கைக்கு வருவோம். 'இது என்ன ஓசை?' என்பது நாம் மிக விரும்பும் பகுதி. திருவலையிலே தேங்காய் துருவும் ஓசை, சுளகில் அரிசி புடைக்கும் ஓசை, துலாக் கிணற்றின் முனகல் ஆகியவற்றைப் பிள்ளைகள் கைத்தொலைபேசியிற் பதிந்துவர, மற்றவர்கள் கண்டுபிடிக்கவேண்டும். காலையில் ஒழுங்கையிலே பாண் விற்க வரும் முச்சக்கர வண்டியின் இசையை ஒரு நாள் போட்டுப் பாருங்கள். பாடசாலை முழுவதும் "பாண்!" என்று கத்தும். அதன் பின், அது செவிப்புலன் குன்றிக்கொண்டிருந்த பீத்தோவன் என்னும் ஜேர்மானிய இசை மேதை 1810ஆம் ஆண்டில் இயற்றிய பியானோ உருப்படி என்று சொல்லலாம். மறுநாட் காலையிற் பாண் வாங்கச் செல்லும் பிள்ளை அந்த இசையைக் கேட்கும் முறையே வேறாகிவிடும். ஆறுமணிக்குருவியின் குரலையும் இப்பகுதியிற் சேர்க்கலாம். மாரி தொடங்கும் வேளையில் இந்தியாவிலிருந்து வந்து, காலையும் மாலையும் இருள் பிரியும் நேரத்திற் கூவும் அதை அவ்வாண்டில் முதலிற் கேட்ட பிள்ளையின் பெயரை அறிவித்தாற் போதும். மறுவாரம் பாதிப் பேர் விடியற்காலையில் எழுந்துவிடுவார்கள்.

காணாமற்போன பொருள்களைப் பற்றிய அறிவித்தல் எங்கும் உண்டு. அதைப் பொருளே பேசுவதாக மாற்றிவிட்டால் நகைச்சுவை தானே வரும். "நான் நீலநிறத் தண்ணீர்ப் போத்தல். மூன்று நாளாக அலுவலக அலுமாரியின் மேல் இருக்கிறேன். என் மூடியிற் பல்லின் அடையாளம் உண்டு. என்னைக் கடித்தவர் வந்து அழைத்துச் செல்க." நொடி போடுவதும் அவ்வாறே. புத்தகத்திலுள்ள பழைய நொடிகளை விடப் பிள்ளைகள் கட்டியவை சுவையானவை. "தினமும் அடி வாங்குவான், கடைசியாக அவன் கத்தினால் நாங்கள் சிரிப்போம்" என ஒரு சிறுமி பாடசாலை மணியைப் பற்றி நொடி கட்டினாள். கிழவர்களிடம் கேட்டு வந்து நாளுக்கொரு சொல் சொல்வதும் நன்று. வடக்கே கடகம், நீத்துப்பெட்டி, மட்டக்களப்பிலே வயலைக் குறிக்கும் வட்டை, மலைநாட்டிலே கொழுந்து. இவை ஓரிடத்துப் பிள்ளைக்குப் பழகியவை, மற்றோரிடத்துப் பிள்ளைக்குப் புதியவை.

மூன்று செய்தி வாசித்து, அவற்றுள் பொய்யானது எது எனக் கேட்பது பெரியவர்களையும் இழுத்துவிடும். கணவாய்க்கு மூன்று இருதயங்கள் உண்டு; தேனீக்கு ஐந்து கண்கள் உண்டு; பனையை வெட்டி அதன் உள்வளையங்களை எண்ணினால் வயதை அறியலாம். இவற்றுள் பொய் எது? பெரும்பாலோர் கணவாயைத்தான் சந்தேகிப்பர். பொய்யானது பனை! வேம்பு, தேக்குப் போலப் பனைக்கு ஆண்டு வளையங்கள் இல்லை. விடையைக் காலையிற் சொல்லாமல், வீடு செல்லும் மணிக்கு முன்னர் சொல்லவேண்டும். அதற்கிடையே பிள்ளைகள் நூலகத்துக்குச் செல்வர், ஆசிரியரை நச்சரிப்பர். 1957ஆம் ஆண்டு ஏப்பிரில் முதலாந் திகதி பீ.பீ.ஸீ. தொலைக்காட்சி, சுவிற்சர்லாந்திலே ஸ்பகெற்றி என்னும் மாவுணவை மரத்திலிருந்து கொய்வதாகக் காட்டிற்று. இடியப்பம் மரத்திற் காய்க்கும் என்று சொல்வதைப் போன்றது அது. ஆயினும் அம்மரத்தை வளர்ப்பது எப்படி என்று விசாரித்தவர்கள் பலர். பெற்றாரின் கைத்தொலைபேசிக்கு நாள்தோறும் வந்துசேரும் வதந்திகளை நினைக்கையில், இப்பயிற்சி எட்டு வயதிலேயே தொடங்குவது மிகையன்று. பொய்ச் செய்தி பொருளைப் பற்றியதாகவே இருக்கவேண்டும். ஆளைப் பற்றியதாக ஒருபோதும் இருத்தலாகாது.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, நம் மனத்தை உறுத்தும் விடயம் ஒன்றுண்டு. யார் வாசிப்பது? எந்தப் பாடசாலையிலும் கணீரென்ற குரலுடைய நால்வர் ஐவர் இருப்பர். பேச்சுப் போட்டிக்கும் அவர்களே, கலைவிழாவுக்கும் அவர்களே, செய்திக்கும் அவர்களே. ஏனையோர் ஐந்து ஆண்டுகளும் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுப் போவர். ஒலிவாங்கி ஒரு பரிசுப் பொருளாகிவிட்டால் அதனால் விளையும் நன்மையிற் பாதி போய்விடும் என்பது நம் துணிபு.

நாம் அறிந்த ஒரு கிராமப் பாடசாலையில், நான்காந் தரத்துச் சிறுவன் ஒருவன் ஆம், இல்லை என்பதற்கு மேல் வாய்திறவாதவன். அவனிடம் மழைமானியை ஒப்படைத்தார் வகுப்பாசிரியை. எண்ணை மட்டும் சொன்னாற் போதும் என்பது ஒப்பந்தம். கார்த்திகை முழுவதும் "பன்னிரண்டு", "ஏழு", "பூச்சியம்" என ஒவ்வொரு சொல்லே அவன் செய்தியாயிற்று. மார்கழி விடுமுறைக்கு முன்னொரு நாள், "நேற்று இரவு 41. எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது" என்றான். அன்று வேறெந்தச் செய்தியும் எடுபடவில்லை. அடுத்த நாள் பெற்றார் சிலர் கிடுகுடன் அவ்வீட்டு வாயிலில் நின்றனர்.

திக்கிப் பேசும் பிள்ளையை ஒதுக்கிவிடுவது பெரும் பிழை. இருவர் சேர்ந்து ஒரே குரலாக வாசிக்கையிற் திக்குவாய் பெரும்பாலும் தணிந்துவிடும் என்பது மருத்துவர் நன்கறிந்த உண்மை. ஆதலின் தலைப்புச் செய்தியை எப்போதும் இரட்டையராக வாசிக்கும் வழக்கத்தை ஏற்படுத்திவிட்டால், யாருக்காக அது செய்யப்பட்டது என்பது எவருக்கும் தெரியாது. பேசவே விரும்பாத பிள்ளைக்குச் சிரட்டை இரண்டைத் தட்டிக் குதிரைக் குளம்போசை எழுப்பும் வேலையைக் கொடுக்கலாம். ஒலிபெருக்கியின் ஆளியைப் போடும் பிள்ளைக்குக்கூட முடிவிற் பெயர் சொல்லப்படவேண்டும்.

சொல்லத்தகாதனவும் உண்டு. பணம் கட்டாதோர் பெயர், குறைந்த புள்ளி பெற்றோர் பெயர் ஆகியன ஒலிபெருக்கியிற் கேட்கவே கூடாது. புலமைப்பரிசில் முடிவு வந்த மறுநாள் வெற்றி பெற்றோர் பெயரை மட்டும் முழங்குவதும் பத்து வயதுப் பிள்ளையின் நெஞ்சில் என்ன செய்யும் என்று சற்றே எண்ணவேண்டும். பிறந்தநாள் வாழ்த்துக் கூறுவோர், ஏப்பிரில், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளிற் பிறந்த பிள்ளைகளை மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அரைப் பிறந்தநாள் என ஒன்றை வகுத்து ஆறு மாதங் கழித்து வாழ்த்துவதே நியாயம். ஏப்பிரிற் பிள்ளைக்கு ஒக்டோபரிலும், டிசம்பர்ப் பிள்ளைக்கு யூனிலும் அது வரும். ஆகஸ்டிற் பிறந்தோருக்குப் பெப்ரவரி.