தோல்விக்கும் ஒரு பேரேடு

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அதியன்னூர்ப் பக்கம் வரும் அன்பர்கள், வாசகசாலைத் திண்ணையில் சதுரங்கப் பலகையின்முன் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கும் நம்மைக் கண்டிருக்கக் கூடும். தலை கவிழ்ந்திருப்பது சிந்தனையால் மட்டுமன்று, பெரும்பாலும் தோல்வியால் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

இக்கட்டுரை எழுதக் காரணம் உண்டு. 2024 டிசம்பரில் சென்னை இளைஞர் குகேஷ் தமது பதினெட்டாம் வயதில் உலக வாகையர் ஆனார். தமிழர் யாவரும் பெருமை கொண்டோம். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் பலகையும் காய்களும் புதிதாக வாங்கப்பட்டன. ஆனால், பிள்ளைகள் நான்கு போட்டிகளில் தோற்றதும் அப்பலகைகள் பரணில் ஏறிவிட்டன. சென்ற மாதம் நம் மகளும் பள்ளிப் போட்டியில் ஐந்து ஆட்டங்களிலும் தோற்றுத் திரும்பி, “எனக்கு இது வராதப்பா” என்றாள். ஒன்பது வயதுக் குழந்தையின் வாயில் அச்சொல்லைக் கேட்டபோது நமக்குச் சுருக்கென்றது. அதே சொல்லை நாமும் ஒரு காலத்தில் சொன்னவரே.

நாம் ஆடக் கற்றது முப்பதாம் வயதில். எதிரில் அமர்ந்தவர் ஓய்வுபெற்ற மலையாள ஆசிரியர் ஒருவர். ஊரார் அனைவருக்கும் அவர் ‘மாஷ்’. இரண்டு ஆண்டுகள் ஞாயிறுதோறும் ஆடினோம், ஞாயிறுதோறும் தோற்றோம். நிறைய ஆடினால் ஆட்டம் தானே திருந்தும் என்று நம்பியிருந்தோம். திருந்தவில்லை. ஓர் இரவு பலகையை யாருக்காவது கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து வீட்டில் சொன்னோம்.

நம் இல்லாள் சிரித்தாள். “ரயிலடிக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தால் அது எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்காமல் எழுந்து வரமாட்டீர்கள். இங்கே ராணியையே பறிகொடுத்துவிட்டு, எப்படிப் போனது என்றும் பாராமல் உறங்கப் போகிறீர்களே!” என்றாள்.

அன்றுமுதல் ஆட்டங்களை எழுதி வைக்கலானோம். பலகையின் அறுபத்துநான்கு கட்டங்களுக்கும் எழுத்தும் எண்ணுமாகப் பெயர் உண்டாதலால், ஒவ்வொரு நகர்வையும் குறிப்பது எளிது. தோற்ற ஆட்டங்கள் 40 சேர்ந்ததும் அமர்ந்து கணக்குப் பார்த்தோம். 27 ஆட்டங்களில் காவலின்றி விட்ட காயை மாஷ் சும்மா எடுத்திருந்தார். 9 ஆட்டங்கள், காய்கள் குறைந்தபின் வரும் இறுதிக் கட்டத்தில் போயின. தொடக்க நகர்வுகளால் தோற்றவை நான்கே. நாமோ அதுவரை தொடக்க நகர்வுகளையே மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம்! நோய் ஓரிடம், மருந்து வேறிடம்.

பின்னர் செய்தவை இரண்டே. முதலாவது, ஒவ்வொரு முறையும் காயைத் தொடுமுன், ‘எதிரி இப்பொழுது எதை எடுக்க எண்ணுகிறார்?’ என்று கேட்டுக்கொண்டோம். கேட்க எளிது, பழக ஓர் ஆண்டு ஆயிற்று. இரண்டாவது, இறுதியாட்டங்களை ஒவ்வொன்றாகக் கற்றோம். சான்றாக ஒன்று: எதிரியிடம் அரசன் மட்டுமே எஞ்சியிருக்க, நம் அரசன் தன் சிப்பாய்க்கு நேர்முன்னே ஆறாம் வரிசையில் நின்றால், நகர்த்தும் முறை யாருடையதாயினும் வெற்றி நமதே, ஓரத்துச் சிப்பாய்க்கு மட்டும் இது பொருந்தாது. இப்படி மாதம் ஒன்று கற்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டு ஆயிற்று.

இவ்வளவு மெதுவாகத்தான் வரவேண்டுமா என்று கேட்கலாம். அமெரிக்க அறிஞர்கள் சேஸ், சைமன் இருவரும் 1973-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. உண்மையான ஆட்டம் ஒன்றின் நிலையை ஐந்து விநாடி காட்டி மறைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர் காய்களைப் பெரும்பாலும் சரியாகவே திரும்ப அடுக்கினார். புதியவரால் சிலவற்றையே அடுக்க முடிந்தது. காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டியபோதோ இருவருக்கும் வேற்றுமை அநேகமாக மறைந்தது. ஆகவே வல்லவரின் செல்வம் பிறவி நினைவாற்றல் அன்று. பழகிப் பழகி மனத்தில் படிந்த அமைப்புகளே. அவை ஒவ்வொன்றாகத்தான் படியும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது இங்கே முற்றும் பொருந்தும்.

வாகையர் வரிசையிலும் தோல்விக்கு இடமுண்டு. நம்போல் வெளியூர் வாழ்வு அறிந்தோர் மானுவல் ஆரோனை நினைக்க வேண்டும். அவர் 1935-ல் பர்மாவின் டவுங்கூ நகரில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். அக்காலத்தில் இந்தியாவில் பலவிடத்தும் நாட்டு முறை ஆட்டமே வழங்கியது. சிப்பாய்க்கு முதல் நகர்வில் இரண்டு கட்டம் கிடையாது. கோட்டை கட்டுவதற்குப் பதிலாக அரசன் ஒருமுறை குதிரைபோல் தாவலாம். அச்சூழலில் வளர்ந்த அவர் 1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். 1962-ல் ஸ்டாக்ஹோமில் ஹங்கேரியின் போர்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் உல்மனையும் வென்றார். ஆயினும் அப்போட்டியில் ஆடிய 23 பேருள் அவருக்குக் கிடைத்தது கடைசி இடம். அவர் பலகையைப் பரணில் ஏற்றவில்லை. 1959-ல் முதன்முறை பெற்ற தேசிய வாகையை 1981-ல் ஒன்பதாம் முறையாகப் பெற்றார். 1972-ல் சென்னையில் அவர் அமைத்த டால் சதுரங்கக் கழகத்தில் பயின்ற சிறுவரே பின்னர் உலக வாகையரான ஆனந்த்.

நாம் ஆனந்தும் ஆகப்போவதில்லை, ஆரோனும் ஆகப்போவதில்லை. சம்பளத்துக்கு வேலை செய்து மிஞ்சிய பொழுதில் ஆடுகிறவர்க்கு அளவுகோல் வேறு. சென்ற ஆண்டு செய்த பிழையை இவ்வாண்டும் செய்கிறோமா என்பதே அது. இன்று கைப்பேசியே பிழையை நொடியில் காட்டிவிடும். ஆயினும் முதலில் தாமே தேடிப் பார்த்துவிட்டுப் பின்னரே அதைக் கேட்பது நலம். பிறர் கண்டுதந்த பிழை மனத்தில் நிற்பதில்லை.

ஆறாம் ஆண்டில் மாஷோடு முதன்முறையாகச் சமன் செய்தோம். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து இரண்டு சாயா வாங்கி வந்தார். மறு ஞாயிறு மீண்டும் தோற்றோம். ஆனால் அன்று அவர் மூன்று மணி நேரம் பாடுபட வேண்டியிருந்தது.

மகளை நாம் வற்புறுத்தவில்லை. குகேஷின் பெயரையும் எடுக்கவில்லை. நம் பழைய பேரேட்டைக் கொடுத்து, அப்பாவின் 27 பிழைகளையும் பார்க்கச் சொன்னோம். விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் அவளே கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துத் தன் ஐந்து தோல்விகளையும் நினைவிலிருந்தவரை எழுதினாள். முதல் வரி, ‘குதிரையை நான் பார்க்கவில்லை’ என்பது.

வராது என்ற சொல்லுக்கும் பார்க்கவில்லை என்ற சொல்லுக்கும் வெகு தூரம். பார்க்காததை நாளை பார்க்கலாம் அன்றோ! பரணில் பலகை வைத்திருக்கும் அன்பர்கள் அதை இறக்கும்போது, கூடவே ஒரு நோட்டும் வாங்கி வைப்பார்களாக.